நிழலுக்கு வேர் தேடியவர்

கேட்காமலே மருந்து சொல்கிறவரைச் சமாளித்துவிடலாம். கேட்காமலே வழி சொல்கிறவரையும், அடுத்தவர் தட்டை எட்டிப் பார்த்து "உப்பு கம்மியா?" என்று விசாரிக்கிறவரையும் ஒரு மாதிரி சகித்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் பாவம் ஏதோ ஒரு வார்த்தையைப் பேச்சுவாக்கில் சொல்லி வைக்க, அதை உங்கள் வாயிலிருந்து பாதியிலேயே பிடுங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை உயர்த்தி, "இந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பிக்கிறாரே ஒருவர், அவரிடம் அகப்பட்டவன் பொழுதோடு வீடு திரும்பியதாகச் சரித்திரமே கிடையாது. அந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் வேர்தோண்டி.

வேர்தோண்டியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் வராது. தண்ணீர் என்ற சொல்லின் பூர்வீகம் வரும். வீடு பற்றி எரிகிறது என்று ஓடிப்போய்ச் சொல்லுங்கள். 'நெருப்பு' என்று சொல்வதா 'தீ' என்று சொல்வதா, இரண்டில் எது மூத்தது என்று உட்காரவைத்து விளக்குவார். எரிகிற வீடு அவருடையதாகவே இருந்தாலும் சரி!

எங்கள் பொந்தியானாக் ஊரில், கப்புவாஸ் ஆற்றின் வடகரையில், சியாந்தான் பேட்டையில் குடியிருக்கும் வேர்தோண்டியின் பெயர் பாக் தர்மாவி. 'பாக்' என்றால் எங்கள் பாஷையில் ஐயா. துறைமுக அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்புகளுக்கு எண் போட்டு ஓய்வு பெற்றவர். கறுப்புக் குல்லா, இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனா. அதில் இரண்டு எழுதாது. வீட்டில் எட்டு அகராதிகள். அவற்றில் இரண்டு அவருக்குப் படிக்கத் தெரியாத மொழிகளில். அதனால் என்ன? தெரியாத மொழியில்தான் நினைத்ததைக் கண்டுபிடிக்க முடியும்.

வேறு ஊரில் பிறந்திருந்தால் அந்த மனிதர் இவ்வளவு முற்றியிருக்க மாட்டார். எங்கள் ஊர் வாகு அப்படி. பூமியின் நடுவயிற்றில் ஓடுகிறதே நடுக்கோடு, அது எங்கள் பேட்டை வழியாகத்தான் போகிறது. அதற்கு ஒரு நினைவுத்தூணும் நட்டு வைத்திருக்கிறோம். வருஷத்துக்கு இரண்டு தடவை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிற்கும்போது தூணுக்கு நிழல் இருக்காது, மனுஷனுக்கும் நிழல் இருக்காது. மூன்று நாள், நாளுக்குச் சில நிமிஷம்தான். அந்தச் சில நிமிஷத்துக்கு மூன்று நாள் விழா எடுத்து, பந்தல் போட்டு, பறை கொட்டி, பச்சை முட்டையைத் தரையில் செங்குத்தாக நிறுத்திக் கைதட்டுவது எங்கள் வழக்கம். அந்தக் கோட்டுக்கு எங்கள் பாஷையில் கத்துலிஸ்திவா என்று பேர்.

அந்தப் பேர்தான் பாக் தர்மாவியின் ஆயுட்கால வேட்டை.

விஷயம் ஒன்றும் பெரிசில்லை. 'கத்' என்றால் அரபியில் கோடு. 'இஸ்திவா' என்றால் சமம். அங்கே பகலும் ராத்திரியும் சமமாக இருப்பதால் சமக்கோடு. கடலோடி வந்த அரபிகள் சொன்னதை நாங்கள் வாங்கிக்கொண்டோம். முடிந்தது கதை. ஒரு வாய்க் காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். ஆனால் வேர்தோண்டிக்கு உண்மை போதாது. அது அவருடைய உண்மையாகவும் இருக்க வேண்டும்.

"அரபின்னுதான் எங்க பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க, பாக்" என்று காப்பிக் கடை ஆ ஹின் ஒரு நாள் தெரியாத்தனமாக வாயை விட்டுவிட்டான்.

"அரபிக்காரன் எங்கேருந்து எடுத்தான்? அதைச் சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்லியே."

"சொல்ல மாட்டாங்க! கோடு யார் ஊருல ஓடுது? நம்ம ஊருல. அவன் ஊருல என்ன இருக்கு? மணல். பொருள் இல்லாத ஊருல பேர் எப்படிப்பா பொறக்கும்? நம்ம ஆத்துல படகு தள்ளினவன் சொன்னதைக் கேட்டுட்டுப் போய் அவன் ஊருல எழுதி வச்சுக்கிட்டான். இப்ப நமக்கே திருப்பி விக்கறான்."

"சரி பாக், அதுக்கு ஆதாரம்?"

"நம்மள ஆண்ட டச்சுக்காரன் கப்பல்ல ஏத்திட்டுப் போயிட்டான்."

இதுதான் இந்த இனத்தின் குலச்சின்னம், நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். ஆதாரம் எப்போதும் இருந்திருக்கும், எப்போதும் போயிருக்கும். எங்கள் ஊரில் டச்சுக்காரன் கொண்டுபோனான். சில ஊர்களில் கடல் கொண்டுபோயிருக்கிறது என்று கேள்வி.

இருபத்திரண்டு வருஷம் அவர்தான் விழாவில் வரவேற்புரை. பத்து நிமிஷம் என்று அழைப்பிதழில் போட்டிருக்கும். ஒலிபெருக்கியைப் பிடித்தார் என்றால் படகோட்டியிலிருந்து பிடித்து பாய்மரம் வரைக்கும் வந்து, அரபிக்காரனை இரண்டு சாத்துச் சாத்திவிட்டு, டச்சுக்காரனைக் கரையேற்றுவதற்குள் கைக்குழந்தைகள் இரண்டு தரம் பால் குடித்திருக்கும். மூன்று வருஷம் முன்னால், அவர் பேசிக்கொண்டே இருக்க, சூரியன் உச்சிக்கு வந்து, நின்று, தாண்டியும் போய்விட்டது. தூர தேசத்திலிருந்து வந்திருந்த விருந்தாளிகள் பந்தலுக்குள் உட்கார்ந்து பண்பாட்டோடு கைதட்டினார்கள். வெளியே வந்து பார்த்தால் ஆளுக்கு ஒரு விரற்கடை நிழல் முளைத்திருந்தது. மறு வருஷம் விழாக் குழுவுக்குப் புதிதாக வந்த செயலாளர் அம்மாள் ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "பாக், உங்க பேச்சு காத்துல போயிடக் கூடாது. அச்சடிச்சுக் குடுத்துடறோம்." அச்சடித்தார்கள். வாழைக்காய் பஜ்ஜிக்காரிக்கு அந்த மூன்று நாளும் பொட்டலம் கட்டக் காகிதப் பஞ்சமே இல்லை.

சரி, ஊர் தப்பித்தது. வீடு?

வீட்டில் ரொகாயா இருந்தாள். முப்பத்தாறு வருஷ மனைவி. எங்கள் பக்கத்தில் அண்ணனையும் 'பாங்' என்றுதான் கூப்பிடுவோம், புருஷனையும் 'பாங்' என்றுதான் கூப்பிடுவோம். ரொகாயா "பாங்" என்று கூப்பிடுகிற தொனியில் இரண்டும் இருக்காது. பள்ளிக்கூட மணி அடிப்பதற்குக் காத்திருக்கிற பிள்ளையின் அலுப்புதான் இருக்கும். நினைவுத்தூணுக்கும் அவள் வீட்டுக்கும் பத்து நிமிஷ நடை. ஆனாலும் நிழல் மறைவதை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பாள்? விழா நாளில் விடிந்ததும் அவர் சட்டைக்கு இஸ்திரி போட வேண்டும். விழா முடிந்து அவர் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வரும் ஏழெட்டுப் பேருக்குச் சோறு வடிக்க வேண்டும். ஊரெல்லாம் வெயிலில் நின்று காலடியைக் குனிந்து பார்க்கிற அந்த நிமிஷத்தில் அவள் கூரைக்கு அடியில், கறிச்சட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளா, இரண்டு நாளா? முப்பத்தாறு வருஷம்!

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவளுக்கு, இந்த ரமலான் முடிந்த கையோடு கண் மங்க ஆரம்பித்தது. பக்கவாட்டில் எதுவும் தெரியவில்லை. மூங்கில் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மா, இது குளுக்கோமா. போன பார்வை திரும்பாது. மருந்து தர்றேன், ஆனா நடுவுல தெரியறதும் அடுத்த வருஷத்துக்குள்ள போயிடலாம். மனசைத் தேத்திக்குங்க."

ரொகாயா மடியில் இருந்த கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். புருஷன் பக்கம் திரும்பினாள். அவர் விரலை உயர்த்தியிருந்தார்.

"டாக்டர், இந்தக் குளுக்கோமாங்கற வார்த்தை எந்த பாஷை?"

"கிரேக்கம்னு நெனைக்கறேன். கடல் நீலமாவும் பச்சையாவும் தெரியுமே, அந்த நெறம்னு அர்த்தம்."

"கடல்!" என்றார் பாக் தர்மாவி. முகம் மலர்ந்துவிட்டது. "கடல்னா, கிரேக்கனுக்கும் படகோட்டிதானே சொல்லியிருப்பான்?"

திரும்பி வரும்போது படகில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கும் சொன்னார், காப்பிக் கடையிலும் சொன்னார். அந்த வார்த்தையின் வேர் அன்று சாயங்காலத்துக்குள் பேட்டை முழுக்கத் தெரிந்துவிட்டது. ரொகாயாவின் கண் போகிறது என்பது மட்டும் ஆ ஹினுக்கு ஒரு வாரம் கழித்துத்தான், அதுவும் அவள் கல் தடுக்கி விழுந்த பிறகு, தெரிந்தது. கல் நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். இரவு சொட்டு மருந்தை அவர்தான் தவறாமல் விட்டார். விட்டுக்கொண்டே 'சொட்டு' பற்றிப் பேசினார்.

செப்டம்பர் வந்தது. ரொகாயா சோற்றுத் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பாங், இந்த வருஷம் நான் நிழல் மறையறதைப் பார்க்கணும்."

"பாரேன். யாரு வேண்டாங்கறா?"

"என் நிழல். என் காலடியில. கண்ணு இருக்கறப்பவே பார்த்துடணும். நீங்க கூட்டிட்டுப் போகணும். விருந்தாளி கிருந்தாளின்னு யாரையும் கூப்பிடக் கூடாது. இன்னொண்ணு."

"என்ன?"

"வாயைத் திறக்கக் கூடாது."

பாக் தர்மாவி சத்தியம் செய்தார். 'சத்தியம்' என்ற சொல்லைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் செய்தார். அந்த அளவுக்கு மனுஷன் உருகிப் போயிருந்தார்.

இருபத்திரண்டாம் தேதி. மேகம் துளிகூட இல்லை. பத்தேமுக்காலுக்கெல்லாம் போய்த் தூணுக்குப் பக்கத்தில் திறந்தவெளியில் ரொகாயா இடம் பிடித்து நின்றுவிட்டாள். கண் கூசுமே என்று அவர் ஒரு பெரிய கறுப்புக் குடை கொண்டுவந்திருந்தார். அதை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, உதட்டையும் மடக்கிக்கொண்டு நின்றார். சுற்றிலும் ஜனங்கள் குத்துக்காலிட்டு முட்டை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் செயலாளர் அம்மாள் நிமிஷத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாள். பதினொன்று முப்பத்தைந்துக்கு உச்சி. ரொகாயா தலையைக் குனிந்து, தன் ரப்பர் செருப்பையும் அதை ஒட்டிக் கையகலத்துக்குச் சுருங்கிக் கிடந்த நிழலையும் கண் கொட்டாமல் பார்த்தாள்.

பதினொன்று முப்பது. அப்போது பார்த்து, செமாராங்கிலிருந்து சுற்றுலா வந்திருந்த ஒரு வாத்தியார், நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், பக்கத்தில் நின்ற தன் பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்னார்:

"ஆமா, இதுக்கு ஏன் கத்துலிஸ்திவான்னு பேர் வந்துச்சு?"

அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? பாம்புப் புற்றில் கைவிடுகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

பாக் தர்மாவி மூச்சை அடக்கிப் பார்த்தார். குல்லாவைக் கழற்றி மாட்டினார். காது சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கால்கள் அவர் சம்மதம் இல்லாமலே வாத்தியார் பக்கம் திரும்பின.

"அதை ஏன் கேக்கறீங்க! எல்லாரும் அரபின்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க."

"பாங்!" என்றாள் ரொகாயா.

"ஒரே நிமிஷம். இவரு வெளியூர்க்காரர், தப்பாத் தெரிஞ்சுக்கிட்டுப் போயிடுவாரு. இங்க பாருங்க சார், பூமின்னு ஒண்ணு இருக்கு..."

பூமியைக் காட்ட ஒரு சாமான் வேண்டுமே. கக்கத்தில் குடை இருந்தது. படக்கென்று விரித்தார். விரித்த குடையைப் பிடித்துக்கொண்டே பேசினால் விரலை உயர்த்த முடியாது. "பிடி" என்று காம்பை மனைவியிடம் நீட்டினார். முப்பத்தாறு வருஷமாக அவர் நீட்டியதையெல்லாம் வாங்கிய கை, யோசிக்காமல் இதையும் வாங்கிவிட்டது. குடை அவள் தலைக்கு மேலே போய் நின்றது.

"இந்தக் கம்பியெல்லாம் மேலேருந்து கீழே வர்ற ரேகை. இந்த விளிம்பு இருக்கு பாருங்க, இதுதான் நம்ம கோடு. இப்ப ஒரு படகோட்டி இங்கேருந்து கெளம்பறான்..."

ரொகாயா காலடியைப் பார்த்தாள். செருப்பு தெரியவில்லை. வட்டமாக, கன்னங்கரேலென்று, ஒரு குடை நிழல் கிடந்தது. பதறிப்போய்க் குடையைச் சாய்த்தாள்.

"பூமியை ஆட்டாதே, ரொகாயா!" என்று அதட்டி, அவள் கையோடு சேர்த்துக் காம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

ஒலிபெருக்கியில் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணினார்கள். பறை கொட்டியது. ஊரே ஓவென்று கத்தியது. நினைவுத்தூணின் நிழல் போனது. செயலாளர் அம்மாளின் நிழல் போனது. பஜ்ஜிக்காரியின் நிழல், தெருநாயின் நிழல், நிமிர்ந்து நின்ற முட்டைகளின் நிழல் எல்லாம் போனது. ஊரில் ஒருத்திக்கு மட்டும் நிழல் இருந்தது. ஊரே நிழலற்று நின்ற நேரத்தில் பெண்டாட்டிக்குக் குடைபிடித்து நிழல் கொடுத்த ஒரே புருஷன் என்ற பெருமை பாக் தர்மாவியைத்தான் சேரும்.

படகோட்டி அரபு நாட்டுக் கரையை எட்டியபோது மணி பதினொன்றே முக்கால். வாத்தியார் நன்றி சொல்லிவிட்டு, ஏறக்குறைய ஓடினார்.

"பார்த்தியா ரொகாயா?" என்று திரும்பினார் பாக் தர்மாவி. முகத்தில் திருப்தி வழிந்தது.

ரொகாயா அழவில்லை, திட்டவில்லை. குடையை மடக்கி அவர் கையில் கொடுத்தாள். வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை, பேச்சு அவருடையதாக இருந்ததால். ராத்திரி சொட்டு மருந்து விட வந்தபோதுதான், மருந்து விடுவதற்கு முன்னாலேயே கண் நனைந்திருந்ததைப் பார்த்து, "மருந்து நல்லா வேலை செய்யுது" என்றார்.

இருபத்துமூன்று, விழாவின் கடைசி நாள். விட்டால் அடுத்த மார்ச். மார்ச்சில் கண் இருக்குமா, யார் கண்டது? காலையில் பசியாறும்போது ரொகாயா கேட்டாள்:

"பாங், எனக்கு ஒரு சந்தேகம்."

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். முப்பத்தாறு வருஷத்தில் அவள் அவரிடம் சந்தேகம் கேட்டதே இல்லை.

"நிழலை நாம 'பாயாங்'னு சொல்றோமே, அந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சு?"

பாக் தர்மாவிக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொகாயா, நீயா கேக்கறே?" என்றார். அவருடைய சந்தோஷத்தைப் பார்த்தபோது ரொகாயாவுக்கே ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. ஒரு கணம்தான்.

"நிதானமாப் பார்த்துச் சொல்லுங்க. நான் அடுக்களையில இருக்கேன். அங்கேருந்தே கேட்டுக்கறேன்."

எட்டு அகராதியும் கூடத்து மேஜைக்கு இறங்கின. பதினொரு மணிக்கு ரொகாயா ஒரு முட்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, அடுக்களைத் திரையை இழுத்து மூடிவிட்டு, பின்வாசல் வழியாகக் கிளம்பினாள். துணைக்கு ஆள் இல்லை. வேலி வேலியாகத் தடவிக்கொண்டு, சாக்கடைத் திருப்பத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்காரனிடம் திட்டு வாங்கிக்கொண்டு, பத்து நிமிஷ நடையை இருபத்தைந்து நிமிஷத்தில் நடந்து போய்ச் சேர்ந்தாள்.

மேகம் வந்து மறைத்தது. போச்சு என்று நினைத்தாள். "அட படுபாவி மேகமே, நீயும் படகோட்டியா?" என்று வாய்விட்டே திட்டினாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மேகத்துக்கு ரோஷம் வந்ததோ என்னவோ, விலகியது.

வெயில் நேராக உச்சந்தலையில் இறங்கியது. அவள் காலடியில் கிடந்த நிழல் செருப்பின் ஓரமாகச் சுருண்டது, செருப்புக்கு அடியில் நுழைந்தது, இல்லாமல் போனது. குனிந்து பார்த்தாள். சுற்றித் திரும்பிப் பார்த்தாள். எங்கேயும் இல்லை. முப்பத்தாறு வருஷமாகக் கூடவே ஒட்டிக்கொண்டிருந்தது கொஞ்ச நேரம் இறங்கிப் போயிருந்தது. முந்தானையிலிருந்து முட்டையை எடுத்துத் தரையில் நிறுத்தினாள். மூன்றாவது முயற்சியில் நின்றது. ரொகாயா அங்கேயே உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, சிரித்தாள். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். யாரும் அவளுக்கு எதையும் விளக்கவில்லை.

பன்னிரண்டரைக்குப் பின்வாசல் வழியாக வந்து, திரைக்குப் பின்னால் நின்று மூச்சு வாங்கினாள். கூடத்திலிருந்து குரல் வந்துகொண்டிருந்தது.

"...ஆக, நிழல்ங்கற விஷயத்தை மொதல்ல பார்த்தவன் யாரு? படகுல போனவன். தண்ணியில தன் நிழலைப் பார்த்தான். கேட்டுக்கிட்டியா ரொகாயா? இது வரைக்கும் சொன்னது வெளங்குச்சா?"

ஒன்றரை மணி நேரமாக அவர் திரைக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நல்லா வெளங்குச்சு பாங்" என்றாள் ரொகாயா.

"நீ நடுவுல குறுக்கே பேசாம கேட்டே பாரு, அதான் எனக்குப் புடிச்சுது" என்றார் அவர். அவள் அந்த முட்டையை உடைத்து வாணலியில் ஊற்றினாள்.

இவ்வளவுதான் பாக் தர்மாவியின் கதை. நல்லவேளை, நம்மில் இப்படிப்பட்டவர் யாரும் இல்லை என்று நிம்மதியாக மூடி வைக்கப் போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். 'கத்' என்றால் அரபியில் கோடு என்று மேலே எழுதினேனே, அந்த இடத்தில் உங்களுக்கு உள்ளுக்குள் ஒன்று குறுகுறுக்கவில்லை? கோடு, கத்... இரண்டிலும் ஒரு 'க' இருக்கிறதே, அப்படியானால் மூலம் நம்முடையதாகத்தானே இருக்க வேண்டும் என்று உதடு துடிக்கவில்லை? பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று, நிஜமாகச் சொல்லுங்கள், விரலை உயர்த்திவிட்டீர்கள்தானே?

உயர்த்தினால் பாதகமில்லை. ஆரம்பிப்பதற்கு முன்னால் எழுந்து போய் அடுக்களைத் திரையை மட்டும் ஒரு தரம் விலக்கிப் பார்த்துவிடுங்கள், உள்ளே ஆள் இருக்கிறதா என்று.